மேலாளர் எழுதிய ‘பிரெஞ்ச் லீவ்’

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பாட்டி தவறிவிட்டார் என்று இரவு பதினொரு மணிக்கு ஃபோன் வந்திருக்கிறது. கையில் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். அலுவலகத்துக்குச் சொல்லத் தோன்றவில்லை. காரியங்களை முடித்து நான்காம் நாள் திரும்பிவந்து பார்த்தால், குழுவில் எல்லோருக்கும், ஃபிரான்ஸின் லியோன் நகரத்து வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலில் உங்களைப் பற்றி ஒரு வரி: ‘ஹேஸ் டேக்கன் பிரெஞ்ச் லீவ்’. பக்கத்து நாற்காலிக்காரர், அது நெப்போலியன் படையிலிருந்து ஓடிப்போன சிப்பாய்களை வைத்து வந்த பேச்சு, உங்களைக் கோழை என்றுதான் சொல்லியிருக்கிறார் என்று விளக்கவுரை வேறு கொடுத்திருக்கிறார். தொடரின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் பார்த்தால் கோபப்படுவார்களா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் படித்தவரையில் மூன்றும் ஒரே கேள்விதான்: அவர் என்னைத் திட்டினாரா, இல்லையா?

திட்டவில்லை. லேசாகக் குத்தியிருக்கிறார். கோழை என்ற பொருள் அந்தத் தொடருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், அரசு கலைக் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுக்குப் பிறகு மொழிபெயர்ப்பும் அகராதி வேலையுமாகப் போகிறது. நடுவில் புதுச்சேரியில் நான்கு வருடம் குடியிருந்தபோது, மாலை வகுப்பில் என் மாணவர்கள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரெஞ்சும் கொஞ்சம் படித்தேன். ஆகவே சொற்களைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கடைசியில் வேலைச் சட்டத்தையும் தொடுவேன். அது மட்டும் வக்கீல் வார்த்தை அல்ல.

வங்கித் தேர்வுக்கோ எஸ்எஸ்சி தேர்வுக்கோ படித்தவர்களை எழுப்பிக் கேட்டால், ‘பிரெஞ்ச் லீவ்’ என்றால் அனுமதி வாங்காமல் வேலைக்கு வராமல் இருப்பது என்று அரைத்தூக்கத்திலும் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் அது பேரன் காலத்துப் பொருள். தாத்தா காலத்துப் பொருளுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போவதுதான் அது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி, தாம்பூலப் பையோடு பின்பக்க வழியாகப் போய்விட்டவரைப் பற்றி, ‘சொல்லிக்காமலே போயிட்டாரே’ என்று குறைப்படுவோமே, அதேதான். அப்பா காலத்துப் பொருள் கொஞ்சம் கறுப்பு: கடன் கொடுத்தவனுக்கோ எஜமானுக்கோ தெரியாமல் ஓடிவிடுவது, நம் பேச்சில் ‘கம்பி நீட்டிட்டான்’. மூன்றாவதுதான் உங்கள் மேலாளர் நினைத்தது: ‘மட்டம் போட்டுட்டான்’. தமிழில் இந்த மூன்றையும் யாரும் ஒன்றோடொன்று குழப்பமாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரே தொடர் மூன்றையும் சுமந்துகொண்டு நடக்கிறது. நானே ஒரு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன். பழைய பயணக் கடிதம் ஒன்றை மொழிபெயர்த்தபோது, விருந்தாளி ஒருவர் இசைக் கச்சேரியின் நடுவில் பிரெஞ்ச் லீவ் எடுத்தார் என்று வந்தது. ‘அனுமதியின்றி விடுப்பு எடுத்துக்கொண்டார்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதிப்பாசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘ஐயா, கச்சேரி கேட்க வந்தவருக்கு எந்த ஆபீஸில் லீவு?’

சரி, எப்போதிலிருந்து இருக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வரும் பழைய சான்று 1771ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டொபையாஸ் ஸ்மோலெட் கடித வடிவில் எழுதிய ‘ஹம்ப்ரி கிளிங்கர்’ என்ற நாவல். அதில் வின் ஜென்கின்ஸ் என்றொரு வேலைக்காரப் பெண் தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள். எழுத்துப் பிழைக்குப் பேர்போன கை. வீட்டு எஜமானுடைய சகோதரி மகனின் ஊழியன் ஒருவன் அவளிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஓர் அயர்லாந்துக்காரன் கட்டிக்கொள்ள இருந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு, என்னிடமும் தன் எஜமானிடமும் பிரெஞ்ச் லீவ் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று பொருமுகிறாள். இந்தச் சான்றில் எனக்கு ஆண்டைவிட ஆள்தான் முக்கியம். பள்ளிக்கூடம் பார்க்காத ஒரு பணிப்பெண் தோழிக்கு எழுதும்போது விளக்கம் எதுவும் இல்லாமல் இந்தத் தொடரைப் போடுகிறாள் என்றால், வாசகர்களுக்கு அது அன்றே பழகிய பேச்சு என்றுதான் அர்த்தம். அச்சில் ஏறுமுன் வாயில் பலகாலம் புழங்கியிருக்கிறது.

நெப்போலியன் பிறந்தது 1769 ஆகஸ்ட் 15. நாவல் வெளிவந்த 1771 ஜூனில் அவருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ரஷ்யப் பனியில் அவருடைய படை சிதறியது 1812இல். தொட்டிலில் இருந்த குழந்தையின் படையிலிருந்து யாரும் ஓடியிருக்க முடியாது என்று உங்கள் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லுங்கள். சொற்பிறப்புக் கதைகளை உடைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. முதலில் சான்றின் தேதியைப் பார்க்க வேண்டும், பிறகு கதையின் தேதியை. கதை பின்னால் வந்தால் அங்கேயே முடிந்தது.

பேச்சு மொழியைத் தேடித் தேடித் திரட்டிய ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவரின் கொச்சைச் சொல் அகராதி 1785இல் முதலில் வந்து, பிறகு பலர் கைபட்டுப் பெருத்தது. 1811 பதிப்பில் இந்தத் தொடருக்கு இரண்டு பொருளையும் அருகருகே காணலாம்: கூட்டத்தாரிடம் சொல்லிக்கொள்ளாமல் போவது; கடன் கொடுத்தவர்களிடமிருந்து ஓடியவர்களைக் குறித்து அடிக்கடி சொல்லப்படுவது. நான் மேலே சொன்ன தாத்தாவும் அப்பாவும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம் அது. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சில், கவிஞர் கிளெமான் மரோ போன்றவர்கள் எழுத்தில், கடனைத் திருப்பிக் கேட்டு நச்சரிப்பவனுக்கு ‘ஆங்லே’, அதாவது ‘ஆங்கிலேயன்’, என்று பெயர். ஓடுகிறவன் பிரெஞ்சுக்காரன், துரத்துகிறவன் ஆங்கிலேயன்! இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் கை துறுதுறுக்கும். போடக்கூடாது. நடுவில் இருநூறு வருட இடைவெளி. பாலம் போட ஒரு சான்றும் இல்லை.

சிப்பாய்க் கதைக்கு மதிப்பான ஒரு தகப்பனும் உண்டு. 1870இல் வந்த புரூவரின் சொற்றொடர் அகராதி, பிரெஞ்சுச் சிப்பாய்கள் படையெடுத்துப் போன இடங்களில் யாரையும் கேட்காமல் வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள், அதிலிருந்து வந்ததே இது என்கிறது. கவனியுங்கள், ஓடிப்போவதல்ல, கேட்காமல் எடுப்பது. புரூவர் படிக்கச் சுவையானவர். நான் பலநாள் அவரோடு பொழுதைப் போக்கியிருக்கிறேன். ஆனால் பிறப்புக் கதைகளில் அவர் நம் ஊர்த் தலபுராணக்காரர் மாதிரி. எல்லாவற்றுக்கும் ஒரு கதை கைவசம் வைத்திருப்பார். முதல் சான்றில் யாரும் எதையும் கொள்ளையடிக்கவில்லை. ஒருவன் ஒரு பெண்ணோடு போகிறான், சொல்லிக்கொள்ளாமல். குரோஸிடமும் கொள்ளை இல்லை.

அப்படியானால் ஏன் பிரெஞ்சு? ஆக்ஸ்ஃபோர்டு தரும் விளக்கம் இது: பதினெட்டாம் நூற்றாண்டு ஃபிரான்ஸில் பெரிய விருந்துகளில் வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்து விடைபெறாமல் கிளம்புவது வழக்கமாக இருந்தது, இங்கிலாந்திலும் சிலர் அதைப் பின்பற்றினார்கள். நடைமுறையை நினைத்துப் பார்த்தால் இதில் நியாயம் தெரிகிறது. நூறு பேர் கூடிய கூடத்தில் ஒருவர் எழுந்து விடைபெற ஆரம்பித்தால் சீட்டாட்டம் நிற்கும், பாட்டு நிற்கும், ஒருவரைப் பார்த்து ஒன்பது பேர் எழுந்துவிடுவார்கள். சத்தமில்லாமல் நழுவுவதே அங்கே மரியாதை. வெளியூரிலிருந்து வந்து பார்த்த ஆங்கிலேயனுக்கு அது மரியாதைக்கேடாகத் தெரிந்திருக்கும். இதை நான் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறேன், முழுவதும் அல்ல. ‘சொல்லிக்கொள்ளாமல் போவது’ என்ற பொருள் முதலில் இருந்தது என்பது உறுதி. அது அயலானைக் குத்தும் பேச்சு என்பதும் உறுதி. அந்த வழக்கம் உண்மையிலேயே பிரெஞ்சுக்காரருக்கே உரியதா என்பதில்தான் சந்தேகம். சந்தேகத்தைக் கிளப்புகிறவர்கள் வேறு யாருமல்ல, பிரெஞ்சுக்காரர்களே. அதற்கு முன் ‘லீவ்’ என்ற சொல்லை ஒரு நிமிடம் பிரித்துப் பார்க்க வேண்டும். தாத்தா பொருளிலிருந்து பேரன் பொருளுக்கு வந்த வழி அதற்குள்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இரண்டு ‘லீவ்’ உண்டு. ஒன்று ‘போ, விட்டுச்செல்’ என்ற வினை. இன்னொன்று ‘அனுமதி’ என்ற பெயர். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, ஆனால் வேர் வேறு. இரண்டாவது பழைய ஆங்கிலத்தில் ‘லேயஃப்’, அதாவது இசைவு. ஜெர்மன் மொழியில் விடுமுறைக்குச் சொல்லும் ‘ஊர்லாவ்ப்’ அதன் ஒன்றுவிட்ட அண்ணன். ஆகவே ‘டேக் லீவ்’ என்றால் முதலில் ‘போக இசைவு பெறுதல்’. பெரியவர் முன்னால் நின்று, போகலாமா என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகு போவது. காலப்போக்கில் கேட்பது சடங்காகி, ‘விடைபெறுதல்’ மட்டும் மிஞ்சியது. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘விடை’ என்றால் பதில். விடை என்றால் அனுமதியும்கூட. காட்டுக்குப் போகும் இராமன் கைகேயியிடம் கம்பன் வாக்கில் சொல்வது: ‘மின்னொளிர் கானம் இன்றே போகின்றேன், விடையும் கொண்டேன்.’ ‘கொண்டேன்’ என்பதை ஆங்கிலத்தில் போட்டால் ‘டேக்’, ‘விடை’யைப் போட்டால் ‘லீவ்’. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை; பெரியவரைக் கேட்காமல் வாசலைத் தாண்டக்கூடாது என்ற பழக்கம் இரண்டு ஊரிலும் இருந்தது. சில வீடுகளில் இன்றும் ‘உத்தரவு வாங்கிக்கறேன்’ என்று சொல்லிக் கிளம்புகிறார்கள். ‘உத்தரம்’ வடமொழியில் பதில். பதில், அனுமதி, புறப்பாடு மூன்றும் அங்கேயும் ஒரே கயிற்றில்தான் கோத்திருக்கின்றன. பிரெஞ்சிலும் இதே கதைதான்: ‘பிராந்ர் கோன்ழே’ என்றால் விடைபெறுதல், ‘கோன்ழே’ இன்று ஆபீஸ் லீவு. அதன் மூலமான லத்தீன் சொல் படைவீரனுக்குத் தரப்படும் விடுப்பையும் குறித்தது.

‘லீவ்’ என்றாலே அனுமதி என்பதால், படையிலும் அலுவலகத்திலும் ‘வராமல் இருக்க அனுமதி’ என்ற பொருள் அதற்குத் தானாகவே வளர்ந்தது. விண்ணப்பம் எழுதி, கையெழுத்து வாங்கி எடுக்கும் லீவு. அது ஊன்றிய பிறகு ‘பிரெஞ்ச் லீவ்’ என்பதைக் கேட்டவர்களுக்கு விருந்தும் வீட்டுக்காரரும் மறந்துபோய், இதுவும் ஒருவகை லீவு, கையெழுத்து இல்லாத லீவு என்று பட்டது. தொடர் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த சொல் அறை மாறிக்கொண்டது. உங்கள் மேலாளருக்கு ‘கேஷுவல் லீவ்’, ‘சிக் லீவ்’, ‘பிரெஞ்ச் லீவ்’ மூன்றும் ஒரே படிவத்தின் மூன்று கட்டங்கள். ஸ்மோலெட்டின் பணிப்பெண்ணுக்கு அந்தப் படிவமே கிடையாது.

இப்போது பிரெஞ்சுக்காரர்களுக்கு வருவோம். சொல்லிக்கொள்ளாமல் நழுவுவதற்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் தெரியுமா? ‘ஃபிலே ஆ லாங்லேஸ்’: ஆங்கிலேய பாணியில் நழுவுவது. புதுச்சேரி மாலை வகுப்பில் இதை முதன்முதலில் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏன் என்று ஆசிரியை கேட்க, ஆங்கிலத் தொடரைச் சொன்னேன். அப்புறம் வகுப்பே சிரித்தது. ஐரோப்பா இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் ஜெர்மானியரும் கிரேக்கரும் பழியைப் பிரெஞ்சுக்காரர் மேல் போடுகிறார்கள். இத்தாலியரும் போலந்துக்காரரும் ரஷ்யரும் ஹங்கேரியரும் ஆங்கிலேயர் மேல் போடுகிறார்கள். ஜெர்மானியரில் சிலர் ‘போலந்துப் புறப்பாடு’ என்றும் சொல்வதுண்டு. அமெரிக்காவில் இப்போது நாகரிகமாக இருப்பது ‘ஐரிஷ் குட்பை’. குடித்துவிட்டுத் தள்ளாடுவது தெரியாமல் நழுவும் அயர்லாந்துக்காரர் என்றும், பஞ்சத்தில் கப்பலேறிப் போனவர்கள் என்றும் அதற்கு இரண்டு கதை சொல்கிறார்கள். இரண்டுக்கும் சான்று என்று எதையும் யாரும் காட்டவில்லை. பிரெஞ்சுத் தொடர் ஆங்கிலத் தொடருக்குப் பதிலடியாக எழுந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிரெஞ்சுச் சான்றுகள் காலத்தால் பிற்பட்டவை என்பதால் அது நடந்திருக்கலாம். ஆனால் ‘பின்னால் வந்தது’ என்பதும் ‘பதிலாக வந்தது’ என்பதும் ஒன்றல்ல. எல்லா ஊரிலும் விருந்தாளிகள் சொல்லாமல் நழுவுகிறார்கள். எல்லா ஊர்க்காரர்களும் அதை அடுத்த ஊர்ப் பழக்கம் என்கிறார்கள். இந்த அளவில் நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

அடுத்தவன் தலையில் கட்டுவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் மேகநோய், அதாவது சிஃபிலிஸ். 1494–95இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் நேப்பிள்ஸ் மேல் படையெடுத்த காலத்தில் அது ஐரோப்பாவில் வெடித்தது. இத்தாலியரும் ஆங்கிலேயரும் அதற்குப் ‘பிரெஞ்சு நோய்’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘நேப்பிள்ஸ் நோய்’ என்றார்கள். நாம் ஒன்றும் சளைத்தவர்கள் அல்ல. பதினாறாம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் அதை ‘ஃபிரங்க ரோகம்’ என்கிறது; தமிழில் ‘பறங்கிப் புண்’. அதற்கு மருந்தாகச் சித்த வைத்தியத்தில் சேர்ந்த கிழங்கு பறங்கிப்பட்டை. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, சாம்பாரில் போடும் பறங்கிக்காய் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கும் அந்தப் ‘பறங்கி’ யார் என்று பார்த்தால், அரபு, பாரசீகம் வழியாக வந்த ‘ஃபிராங்க்’. அதே ‘ஃபிராங்க்’ வேரிலிருந்துதான் ‘பிரெஞ்ச்’ என்ற சொல்லும் பிறந்தது. நம் ஊரில் அந்தப் பெயர் முதலில் ஒட்டியது போர்ச்சுகீசியர் மேல் என்றாலும், வேர் ஒன்றுதான். ‘பிரெஞ்ச் லீவ்’ என்பதை யாராவது விடாப்பிடியாகச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கச் சொன்னால், ‘பறங்கி விடை’ என்று கொடுப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஆங்கிலேயருக்கு மட்டும் பிரெஞ்சுக்காரர் மேல் ஏன் இவ்வளவு காட்டம்? பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் இருவரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்; அடிகளில் சில நம் மண்ணிலும் விழுந்தன. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1746இல் சென்னையில் பிடிபட்டவர்களில் ராபர்ட் கிளைவ் என்ற இளம் குமாஸ்தாவும் ஒருவர். உள்ளூர்க்காரர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு, பிரெஞ்சுக் காவலருக்கு டிமிக்கி கொடுத்து, கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமல் போன ஆங்கிலேயர்! இதுதான் தொடரின் பிறப்பு என்று நாளைக்கே யாராவது சுற்றுக்கு விட்டுவிடப் போகிறார்களே என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: இல்லை. ஆசைக்கு ஒரு கதை. நாவலாசிரியர் ஸ்மோலெட்டும் ஃபிரான்ஸையும் இத்தாலியையும் சுற்றிவந்து, 1766இல் பக்கம் பக்கமாக முணுமுணுத்து ஒரு பயண நூல் எழுதியவர்தான். அவர் கையில் இந்தத் தொடர் அகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

பெயரடையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆங்கிலப் பேச்சில் ஆணுறைக்குப் ‘பிரெஞ்ச் லெட்டர்’ என்று பழைய பெயர். பிரெஞ்சில் அதற்கு ‘கபோத் ஆங்லேஸ்’, ஆங்கிலேய மேலங்கி. கல்லூரியில் இதை வகுப்பில் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

‘எவால்’ என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். பொருள் நெருக்கம், பிறப்பு வேறு. ‘ஆப்சென்ட் வித்தவுட் லீவ்’ என்ற படைச் சட்டச் சொல்லின் சுருக்கம் அது. முதல் உலகப்போர்க் காலத்து அமெரிக்கப் படையில் எழுத்து எழுத்தாகச் சொல்லப்பட்டது, பிறகு ஒரே சொல்லாக வாயில் உருண்டுவிட்டது. ‘பிரெஞ்ச் லீவ்’ கிண்டல். ‘எவால்’ குற்றத்தின் பெயர். அமெரிக்கப் படைச் சட்டத்தில் 86ஆம் பிரிவு அனுமதியின்றி வராமல் இருப்பது, 85ஆம் பிரிவு படையை விட்டே ஓடுவது. இந்தியாவின் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்திலும் அப்படியே: 38 ஓடிப்போவது, 39 அனுமதியின்றி வராதது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாள் கணக்கு மட்டும் அல்ல, மனசு. திரும்பி வரும் எண்ணம் இருந்ததா, இல்லையா என்பதுதான் கேள்வி. முப்பது நாள் தாண்டினால் விசாரணை மன்றம் கூட வேண்டும் என்று நம் ராணுவச் சட்டம் சொல்கிறது.

இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், உங்கள் பயத்தின் அடியில் இருப்பது இந்த வேறுபாடுதான். நம் ஊர் மனிதவளத் துறையில் ‘அப்ஸ்காண்டிங்’ என்று ஒரு சொல் புழங்குகிறது. உண்மையில் அது போலீஸ் தேடும் ஆளுக்குரிய சொல், தலைமறைவு. அலுவலகக் கடிதத்தில் அது வந்தால் பயப்படலாம்: இவர் வேலையை விட்டே போய்விட்டார் என்று நிர்வாகம் முடிவுகட்டுகிறது என்று பொருள். ‘பிரெஞ்ச் லீவ்’ அப்படி அல்ல. எந்த நிலையாணையிலும், அதாவது நிறுவனத்தின் வேலை விதிகளிலும், அந்தச் சொல் கிடையாது; அதை வைத்து யாரும் குறிப்பாணை கொடுக்க முடியாது. வராமல் இருப்பது எப்போது வேலையைக் கைவிட்டதாகும் என்ற வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் பலமுறை போயிருக்கிறது. எட்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் வேலையை விட்டதாகக் கொள்ளலாம் என்ற நிலையாணையை 1960களில் சென்னைப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வழக்கில் மன்றம் ஏற்றது. 1993இல் வேறொரு வழக்கில், நிலையாணை அப்படி இருந்தாலும் தொழிலாளியின் பக்கத்தைக் கேட்காமல் நீக்கக்கூடாது என்றது. 2012இல், வராமல் இருந்தது வேண்டுமென்றே என்று நிரூபிக்க வேண்டும் என்றது. இவை தொழிலாளர், அரசு ஊழியர் வழக்குகள். உங்கள் மாதிரி மென்பொருள் நிறுவன ஒப்பந்தத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்கு அவரிடம் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் மேலாளர் எழுதியதில் எனக்கு ஒரு குறை உண்டு. மொழியில் அல்ல, இடத்தில். இங்கிலாந்தில் இப்போது இளைஞர்கள் இந்தத் தொடரை அதிகம் சொல்வதில்லை. அது தாத்தாக்களோடு நாற்காலியில் சாய்ந்துவிட்டது. நம் நாட்டில்தான் தேர்வு வழிகாட்டிகளின் புண்ணியத்தில் இன்னும் ஓடியாடிக்கொண்டிருக்கிறது. நேரில் சிரித்துக்கொண்டே சொன்னால் கிண்டல். பத்துப் பேருக்குப் போகும் எழுத்தில், ஆள் எங்கே, என்ன ஆனார் என்று தெரியாத நிலையில் போட்டால், கிண்டல் தன் சிரிப்பைத் தொலைத்துவிடும். ‘இன்று வரவில்லை, தகவல் இல்லை’ என்று எழுதியிருந்தால் போதும். நீங்களும் பதிலில் அந்தத் தொடரை எடுத்து விவாதிக்க வேண்டாம். பாட்டியின் மறைவு, கிளம்பிய தேதி, சொல்லாமல் போனதற்கு வருத்தம், நாள்களை எந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற வேண்டுகோள்: நாலு வரி. பெரும்பாலும் அவரே தலையைச் சொறிந்துகொண்டு வந்து துக்கம் கேட்பார்.

லியோன்காரர்கள் கோபப்படுவார்களா என்றால், வாய்ப்புக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலத் தொடர் தெரிந்தே இருக்கும். அடுத்த வீடியோ அழைப்பில் யாராவது கேட்டால், ‘ஃபிலே ஆ லாங்லேஸ்’ என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். ‘ஃபிலே’யில் ‘ஃ’ நன்றாக விழ வேண்டும். நான் முதல் நாள் ‘பிலே’ என்று சொல்லி ஆசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.